பத்திரமும் இல்லை, பணமும் இல்லை: நோய் வந்தால் என்ன செய்வோம்?



நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். தையல் என் தொழில். 2009 ஆம் ஆண்டு சித்திரை மாதம் என் கணவரை இழந்தேன். அதே நாளில் என் இடுப்பிலும் ஒரு செல் துண்டு ஏறியது. அதை அப்போது எடுக்க வசதி இருக்கவில்லை. முகாமில் இருந்தபோது பார்த்த வைத்தியர், "இப்போதைக்கு அது அப்படியே இருக்கட்டும், நோகும்போது பார்ப்போம்" என்றார். மீள்குடியேறி வந்தபின் பிள்ளைகள் இருவரையும் வளர்க்கும் ஓட்டத்தில் அதை நானும் மறந்துவிட்டேன்.

நோய் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். என் பக்கத்து வளவு அக்கா வேறொரு பதில் வைத்திருந்தார். இரண்டு பதில்களும் பிழையாகிப் போயின. என் பிழையால் எனக்குக் காசு போனது. அக்காவின் பிழையால் அவரது உயிரே போனது. எங்களுக்கு நடந்தது உங்களில் ஒருவருக்கும் நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு பத்திரம் இருந்தது

2018 மாசி மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி காப்புறுதி முகவராக வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல பிள்ளை. அவளும் ஒரு குடும்பத்தைத் தனியே தாங்குபவள்தான். ஒருநாள் பின்னேரம் வந்து திண்ணையில் இருந்து கதைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு நடந்தா பிள்ளையளை ஆர் பாக்கிறது? மாசம் 2,500 ரூபா கட்டினாக் காணும். ஆஸ்பத்திரியிலை நிண்டா ஒரு நாளைக்கு 2,000 ரூபா தருவினம்."

அவள் கேட்ட கேள்வி என் நெஞ்சில் குத்தியது. எனக்கு ஒன்று நடந்தால் யார் இருக்கிறார்கள்? அன்றே கையெழுத்து வைத்தேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அவளே நிரப்பினாள். "சீனி வருத்தம், பிறஷர் ஏதும் இருக்கோ அக்கா?" என்றாள். "இல்லைப் பிள்ளை" என்றேன். இடுப்பில் இருந்த துண்டை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது நோய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் உடம்பில் துண்டு இல்லாதவர்களை எண்ணுவதுதான் சுலபம்.

2018 பங்குனி தொடக்கம் 2019 ஐப்பசி வரை 20 மாதம் ஒழுங்காகக் கட்டினேன். 50,000 ரூபா. சில மாதங்களில் சாப்பாட்டைக் குறைத்துக் கட்டினேன்.

2019 கார்த்திகையில் அந்தத் துண்டைச் சுற்றிச் சீழ் பிடித்தது. காய்ச்சலும் குலைப்பனும். அரசாங்க ஆஸ்பத்திரியில் 17 நாள் இருந்தேன். சத்திர சிகிச்சை செய்து துண்டை எடுத்தார்கள். வைத்தியருக்கோ, மருந்துக்கோ, கட்டிலுக்கோ அங்கே ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஆனாலும் செலவு இருந்தது. அந்த நேரம் ஸ்கானை வெளியே எடுக்க வேண்டி இருந்தது, அதற்கு 10,500. வெளியே வாங்கிய மருந்தும் காயம் கட்டும் சாமானும் 4,800. துணைக்கு நின்ற அம்மாவின் சாப்பாடு, பஸ் காசு 11,000. வீட்டுக்கு வந்தபின் காயம் கட்டப் போய்வந்த ஓட்டோ 6,000. மொத்தம் 32,300 ரூபா. இரண்டு மாதம் தைக்க முடியாமல் போன உழைப்பு 36,000. எல்லாம் சேர்த்து 68,300 ரூபா. மகளின் சங்கிலியை அடகு வைத்தேன்.

17 நாளுக்கு 34,000 ரூபா வரும் என்ற நம்பிக்கையோடுதான் அடகு வைத்தேன். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டை அனுப்பினேன். ஆறு கிழமைக்குப் பின் ஒரு கடிதம் வந்தது. படிவத்தில் "முன்னர் காயமோ சத்திர சிகிச்சையோ உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று இருக்கிறது, ஆனால் கார்ட்டில் 2009 ஆம் ஆண்டுக் காயம் என்று எழுதியிருக்கிறது, ஆகவே பணம் தர முடியாது என்று இருந்தது. அதன் பிறகு கட்ட என்னிடம் காசும் இல்லை, மனமும் இல்லை. மூன்று வருடம் கட்டாததால் கட்டிய காசும் திரும்பவில்லை.

அந்தப் பிள்ளை வீட்டு வாசலில் நின்று அழுதாள். நான் அவளை ஏசவில்லை. அவளுக்கும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அக்காவிடம் ஒன்றும் இல்லை

பக்கத்து வளவு அக்காவுக்கு என்னை விட ஐந்து வயது கூட. அவரும் கணவரை இழந்தவர். ஒரு மகள். கோழி வளர்த்து, தோட்ட வேலைக்கும் போய் வாழ்ந்தார். காப்புறுதி என்றால் சிரிப்பார். "உழைக்கிறதை அண்டண்டைக்குத் தின்னுற எங்களுக்கு என்ன காப்புறுதி?" என்பார்.

2020 கடைசியில் அவரது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை. பட்டினத்தில் ஒரு தனியார் வைத்திய நிலையத்துக்குத் தனியே போய்க் காட்டினார். அங்கே என்னென்ன சோதனை செய்ய வேண்டும், எவ்வளவு செலவு என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டை மடித்துச் சாமியறைப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். சோதனைக்கே இவ்வளவு என்றால் வைத்தியத்துக்கு இலட்சக் கணக்கில் வேண்டும், மகளின் படிப்புக் காசு போய்விடும் என்று அவரே ஒரு கணக்குப் போட்டுவிட்டார்.

ஒன்றரை வருடம் கழிந்தது. 2022 நடுப்பகுதியில், கிணற்றடியில் கை தூக்க முடியாமல் நின்றபோதுதான் எனக்குச் சொன்னார். அடுத்த நாளே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து புற்றுநோய் வைத்தியத்துக்கு அனுப்பினார்கள். நாடு எப்படி இருந்த காலம் என்று உங்களுக்குத் தெரியும். எண்ணெய் இல்லை, பஸ் இல்லை, நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு. இருந்தாலும் வைத்தியத்தைத் தொடங்கினார்கள். யாரும் எங்களிடம் வைத்தியக் கட்டணம் கேட்கவில்லை. ஆனால் நோய் ஈரலுக்குப் போய்விட்டது. 2023 ஆவணியில் அக்கா போய்விட்டார்.

கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துச் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. "காசு இல்லாததாலை இல்லையடி பிந்தினது. காசு வேணுமெண்டு நினைச்சதாலைதான் பிந்தினது."

இலவசம் எது, இலவசம் இல்லாதது எது?

நாங்கள் இருவரும் விட்ட பிழையின் வேர் ஒன்றுதான். எது இலவசம், எதற்குக் காசு வேண்டும் என்பது எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் 1951 இல் நீக்கப்பட்டது. இடையில் 1971 இல் வெளிநோயாளர் துண்டுக்கு 25 சதம் வாங்கினார்கள், 1977 இல் அதுவும் நின்றது. இன்றைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம், சத்திர சிகிச்சை, புற்றுநோய் வைத்தியம், இரத்தம் சுத்திகரித்தல் எல்லாம் இலவசமே. தெல்லிப்பழையிலும் மகரகமவிலும் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைகள் அரசாங்கத்துக்குரியவை. காப்புறுதிப் பத்திரம் இல்லாதவரை அங்கே திருப்பி அனுப்ப மாட்டார்கள். இந்த ஒரு விடயம் அக்காவுக்கு 2020 இல் தெரிந்திருந்தால் போதும்.

ஆனால் "எல்லாம் இலவசம்தானே" என்று கையை விரித்து இருக்கவும் முடியாது. எங்கள் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் குடும்பங்களின் சொந்தக் கையிலிருந்தே போகிறது. அது ஸ்கானுக்கும், ஆஸ்பத்திரியில் முடிந்துபோன மருந்துக்கும், பஸ்ஸுக்கும், ஓட்டோவுக்கும், துணைக்கு நிற்பவரின் சாப்பாட்டுக்கும் போகிறது. அன்றாடம் உழைப்பவளுக்கு வேலைக்குப் போகாத நாட்களும் செலவுதான். எங்கள் பகுதியில் எத்தனையோ பெண்கள் நுண்கடனில் விழுந்த கதையைக் கேட்டுப் பாருங்கள். கடன் எடுத்தது தொழிலுக்கு என்று எழுதியிருக்கும். உண்மையில் அது ஒரு பிள்ளையின் காய்ச்சலுக்கோ ஒரு அம்மாவின் கண் சத்திர சிகிச்சைக்கோ போயிருக்கும்.

ஆகவே எங்களுக்கு இரண்டு தேவை இருக்கிறது. ஒன்று, இலவசமாகக் கிடைப்பதைப் பிந்தாமல் எடுப்பது. மற்றது, இலவசம் இல்லாத சில்லறைச் செலவுக்கு முன்னரே ஒரு வழி வைத்திருப்பது.

கேட்டு எடுக்க வேண்டியவை

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 1996 இல் தொடங்கிய திட்டம் இது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைக் கட்டாயம் வரச் சொல்கிறார்கள். சீனி, இரத்த அழுத்தம், மார்புப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் அங்கே இலவசம். எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். இலங்கைப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். நேரத்துக்குக் கண்டால் மாற்றலாம். பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 தொடக்கம் போடுகிறார்கள். பயந்து மறிக்காதீர்கள்.

அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். இந்தச் சேவை வடக்குக்கு 2018 இல் வந்தது. காசு இல்லை. இரவில் வான் பிடிக்க அடகுக் கடை திறக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பெரிய சத்திர சிகிச்சைகளுக்கும் பாரிய நோய்களுக்கும் ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம். முன்னர் அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டி இருந்தது. 2025 பெப்ரவரி தொடக்கம் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். வைத்தியரின் கடிதமும் வருமானத்துக்கான அத்தாட்சியும் கேட்பார்கள். வைத்தியம் முடிந்தபின் ஓடாமல், வைத்தியர் சத்திர சிகிச்சை என்று சொன்ன அன்றே போய் விசாரியுங்கள். சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அஸ்வெசும திட்டத்தில் தனிக் கொடுப்பனவு உண்டு. அதையும், வேறு என்ன நோய்க்கு உதவி இருக்கிறது என்பதையும் செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்டு அறியலாம்.

உங்கள் மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாளா? அவளது பெயரில் முதலாளி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குச் சம்பளத்தில் 3 வீதம் கட்ட வேண்டும். அந்த நிதியம் வேலை விடும்போது வாங்கும் காசு மட்டும் அல்ல. அங்கத்தவர்களுக்கு இருதய சத்திர சிகிச்சை, கண் வில்லை போன்றவற்றுக்கும் உதவி இருக்கிறது. எங்கள் ஊரில் ஆறு வருடம் வேலை செய்த பிள்ளைக்கே இது தெரியாது. பல தொழிற்சாலைகளில் கூட்டு வைத்தியக் காப்புறுதியும் இருக்கும். சம்பளத் துண்டை வாசிக்கச் சொல்லுங்கள்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கான சுரக்ஷா காப்புறுதி 2017 இல் தொடங்கி, இடையில் தடைப்பட்டு, பிறகு மறுபடி ஆரம்பித்தது. இப்போது என்ன கிடைக்கும் என்று பாடசாலை அதிபரிடம் கேட்டு வையுங்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தால் கார்ட்டைத் தொலைக்காதீர்கள்.

காப்புறுதி எடுப்பதானால்

காப்புறுதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதா மாதம் ஒழுங்காகச் சம்பளம் வருபவர்களுக்கு அது உதவும். ஆனால் கையெழுத்து வைக்க முன்னர் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, படிவத்தைத் தமிழில் கேளுங்கள். முகவர் நிரப்பினாலும் ஒவ்வொரு கேள்வியையும் வாசிக்கச் சொல்லிப் பதிலை நீங்களே சொல்லுங்கள். கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதுதான்.

இரண்டாவது, யுத்தத்தில் பட்ட காயம், உடம்பில் உள்ள துண்டு, பழைய சத்திர சிகிச்சை எல்லாவற்றையும் சொல்லி எழுதுவியுங்கள். சொன்னால் அந்தக் காயத்துக்கு மட்டும் பணம் இல்லை என்று அவர்கள் சொல்லக்கூடும், அல்லது கட்டுப்பணத்தைக் கூட்டக்கூடும். சொல்லாமல் விட்டால் முழுப் பத்திரமுமே பயனில்லாமல் போகலாம். எங்களுக்கு இது மற்றவர்களை விட முக்கியம்.

மூன்றாவது, எந்த நோய்க்கு இல்லை, எத்தனை நாள் கழித்து ஆஸ்பத்திரிப் பணம் தொடங்கும், பிரசவம் அடங்குமா, ஒரு தவணை பிந்தினால் எத்தனை நாள் தவணை தருவீர்கள் என்று கேளுங்கள். பதிலைப் பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது, பத்திரம் கைக்கு வந்ததும் வாசியுங்கள், அல்லது படித்த பிள்ளை ஒன்றைக் கொண்டு வாசிப்பியுங்கள். பிடிக்காவிட்டால் குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அந்த நாட்கணக்கு பத்திரத்திலேயே இருக்கும்.

ஐந்தாவது, பணம் மறுத்தால் அத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பனியின் பதில் திருப்தி இல்லை என்றால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. நான் இதை அறிந்தபோது என் கடிதம் பழசாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. அடகு வைத்தும் கடன் எடுத்தும் கட்டுப்பணம் கட்டாதீர்கள். கட்ட முடியாமல் இடையில் விடும் பத்திரத்தால் கம்பனிக்கு நட்டம் இல்லை, உங்களுக்குத்தான்.

கிழமைக்கு 50 ரூபா

அக்காவின் அந்தியேட்டி முடிந்த கிழமை, எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் பேசாமல் இருந்தோம். ஒரு வயதான அம்மாதான் வாயைத் திறந்தார். "செத்தாக் குடுக்கிறதுக்கு மரண உதவிச் சங்கம் வைச்சிருக்கிறம். உயிரோடை இருக்கேக்க குடுக்க ஒண்டும் இல்லையே?" என்றார்.

அன்று தொடங்கியதுதான் எங்கள் வைத்திய உதவி நிதி. 24 பெண்கள். கிழமைக்கு ஆளுக்கு 50 ரூபா. கிழமைக்கு 1,200 ரூபா சேரும். வங்கியில் சங்கத்தின் பெயரில் கணக்கு, மூன்று பேர் கையெழுத்து வைத்தால்தான் எடுக்கலாம். அங்கத்தவரோ அவரது பிள்ளையோ ஆஸ்பத்திரியில் நின்றால் வருடத்துக்கு ஒரு தடவை 7,500 ரூபா வரை கொடுக்கிறோம். அது திருப்பித் தர வேண்டாத காசு. அதற்கு மேல் தேவை என்றால் 15,000 ரூபா வரை வட்டி இல்லாத கடன், மாதம் 1,500 ரூபாப்படி பத்து மாதத்தில் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினால் அடுத்த நாளே காசு கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். பழைய காயமா புதிய நோயா என்ற கேள்வி எங்கள் கொப்பியில் இல்லை.

2023 ஐப்பசியில் தொடங்கி முதல் இரண்டு வருடத்தில் 124,800 ரூபா சேர்ந்தது. பதினொரு பேருக்கு 71,000 ரூபா கொடுத்திருக்கிறோம். தை மாதத்தில் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கும்போது சிலர் பிந்துவார்கள். பொறுத்துக்கொள்கிறோம், மாசி முடிய முன்னர் கட்டிவிடுவார்கள். ஒரு தடவை ஒரே கிழமையில் மூன்று பேர் ஆஸ்பத்திரியில் நின்றார்கள். அன்று பயந்துதான் போனோம். பெரிய சத்திர சிகிச்சைக்கு இந்தக் காசு காணாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதற்குத்தான் அரசாங்க ஆஸ்பத்திரியும் ஜனாதிபதி நிதியமும். எங்கள் 50 ரூபா செய்வது ஒன்றுதான். "பஸ்ஸுக்குக் காசில்லை, நாளைக்குப் போவம்" என்ற பேச்சை எங்கள் ஊரில் இல்லாமல் செய்கிறது.

போன வருடம் சங்கத்தில் ஒரு தங்கச்சிக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டது. மூன்றாம் நாள் கிளினிக்கில் நின்றாள். ஸ்கானுக்கும் பயணத்துக்கும் சங்கம் காசு கொடுத்தது. துணைக்கு நான் போனேன். வெறும் கொழுப்புக் கட்டி என்றார்கள். வெளியே வந்து இரண்டு பேரும் தேநீர்க் கடையில் இருந்து அழுதோம். சந்தோசத்தில் அவள் அழுதாள். நான் அக்காவை நினைத்து அழுதேன்.

இந்தப் பிள்ளைகளுக்காக எவ்வளவோ தாண்டி வந்தவர்கள் நாங்கள். செல்லுக்குத் தப்பிய உயிரைத் தெரியாத்தனத்துக்குக் கொடுக்கக் கூடாது. இந்தக் கிழமை இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் குடும்பநல மாதுவிடம் அடுத்த சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் கிழமைக்கு 50 ரூபாக் கதையை எடுங்கள். 20 ரூபா என்றாலும் பரவாயில்லை, தொடங்குங்கள்.

அக்காவின் மகள் இப்போது தாதியர் பயிற்சிக்குப் போக விண்ணப்பித்திருக்கிறாள். எங்கள் நிதியின் 25 ஆவது அங்கத்தவராகப் போன மாதம் அவளைச் சேர்த்திருக்கிறோம்.